சுண்டெலி மாதிரிகளில் பி.டி.என்.எஃப். புரதத்தை எலைசா கிட்டால் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலைசா (ஆன்டிபாடிகளைக் கொண்டு புரதத்தை அளக்கும் முறை) கிட்டோடு வரும் தாளைப் படிப்படியாகப் பின்பற்றினால் யாருக்கும் ஒரு எண் கிடைத்துவிடும். அந்த எண் நாம் தேடிய புரதத்தைத்தான் குறிக்கிறதா என்பதை அந்தத் தாள் சொல்லாது. அதை ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் மாதிரியில் தானே சோதித்துப் பார்க்க வேண்டும். சுண்டெலியில் பி.டி.என்.எஃப். அளப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஏன் என்பது கீழே வரும். முதல் கிட்டைப் பிரிக்கப்போகும் ஆராய்ச்சி மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

பி.டி.என்.எஃப். என்பது என்ன? அதை ஏன் அளக்கிறார்கள்?

நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும், கிளைவிடவும், தங்களுக்குள் இணைப்புகளை வலுப்படுத்தவும் உதவும் ஒரு வளர்ச்சிக் காரணிப் புரதம் இது (brain-derived neurotrophic factor என்பதன் சுருக்கம்). 1982ல் பார்டே, எட்கர், தோனன் மூவரும் பன்றியின் மூளையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 1989ல் இதன் மரபணு வரிசை வெளியானது. கற்றல், நினைவு, மன அழுத்தம், உடற்பயிற்சி, நரம்புச் சிதைவு என எதை ஆராய்ந்தாலும் இந்தப் பெயர் குறுக்கே வரும். ஓடும் சக்கரத்தில் ஓடிய எலிகளின் ஹிப்போகேம்பஸில் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) இதன் எம்.ஆர்.என்.ஏ. (மரபணுவின் செய்திப் பிரதி) கூடுகிறது என்று 1995ல் காட்டப்பட்ட பிறகு, இதை அளக்காத உடற்பயிற்சி–மூளை ஆய்வு அரிது.

எலைசா இதை எப்படி அளக்கிறது?

‘வெல்’ எனப்படும் சிறு குழிகள் கொண்ட பிளேட்டின் அடியில் ஒரு ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் புரதம்) ஒட்டப்பட்டிருக்கும். மாதிரியை ஊற்றினால் புரதம் அதில் சிக்கும். அதன் மேல் இரண்டாவது ஆன்டிபாடி வந்து புரதத்தின் வேறோர் இடத்தைப் பிடிக்கும். அதோடு எச்.ஆர்.பி. என்ற நொதி நேரடியாகவோ, பயோட்டின்–ஸ்ட்ரெப்டவிடின் வழியாகவோ இணைந்திருக்கும். டி.எம்.பி. என்ற நிறம் தரும் கரைசலைச் சேர்த்ததும் அந்த நொதி அதை நீலமாக்கும். கந்தக அமிலம் சேர்த்து நிறுத்தினால் நீலம் மஞ்சளாகும். 450 நானோமீட்டரில் அந்த மஞ்சளின் அடர்த்தியைப் படிக்கிறோம். புரதம் கூடக் கூட மஞ்சளும் கூடும்.

1971ல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும், நெதர்லாந்தில் வான் வீமனும் ஷூர்ஸும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்த வகை முறையை வெளியிட்டார்கள். அடிப்படை இன்றும் அதுதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கருவி படிப்பது நிறத்தை. அந்த நிறத்தை உண்டாக்கியது பி.டி.என்.எஃப்.தான் என்பது நாம் செய்துகொள்ளும் அனுமானம்.

மனித மாதிரிக்கான கிட்டைச் சுண்டெலிக்குப் பயன்படுத்தலாமா?

பல புரதங்களுக்கு இதற்குப் பதில் ‘கூடாது’. இந்தப் புரதத்துக்கு ‘பெரும்பாலும் முடியும்’. முதிர்ந்த பி.டி.என்.எஃப். 119 அமினோ அமிலங்களால் ஆனது. மனிதன், சுண்டெலி, எலி மூன்றிலும் அந்த வரிசை ஒன்றே. எனவே ஆன்டிபாடி பிடிக்கும் இடம் மாறாது. ஆனால் புரதத்தைச் சுற்றியுள்ள மாதிரி மாறுகிறது. மனித சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் கிடைக்கும் தெளிநீர்) சோதித்த கிட் சுண்டெலியின் மூளைக் கரைசலில் அதேபோல் நடந்துகொள்ளும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கிட் முதிர்ந்த வடிவத்தை அளக்கிறதா, முன்னோடி வடிவத்தையுமா?

தாளில் ‘குறுக்கு வினை’ (ஆன்டிபாடி வேறு எதையெல்லாம் பிடிக்கிறது) என்ற பகுதியைப் பாருங்கள். சுமார் 32 கிலோடால்டன் எடையுள்ள முன்னோடி வடிவம் வெட்டுப்பட்டுத்தான் 14 கிலோடால்டன் முதிர்ந்த வடிவம் உருவாகிறது. உயிரணுவில் இரண்டும் ஏறத்தாழ எதிரெதிர் வேலை செய்கின்றன: முதிர்ந்தது இணைப்புகளை வலுப்படுத்தும், முன்னோடி அவற்றைத் தளர்த்தும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கிட்டில் ஒன்று கூடி இன்னொன்று குறைந்தால் மொத்தம் மாறாமல் இருக்கும். உங்கள் ஆய்வின் முக்கியமான செய்தி அங்கே மறைந்துபோகும். தாளில் தெளிவாக இல்லையென்றால் சில மாதிரிகளை வெஸ்டர்ன் பிளாட்டிலும் ஓட்டிப் பாருங்கள். அங்கே எடை வாரியாகக் கோடுகள் பிரிந்து தெரியும்.

சுண்டெலியின் ரத்தத்தில் இதை அளக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மனித சீரத்தில் பி.டி.என்.எஃப். ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி ரத்தத் தட்டணுக்களிலிருந்து வருவது. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் அதை வெளியே விடுகின்றன. அதனால்தான் மனிதரில் சீரத்தின் அளவு பிளாஸ்மாவைவிட (உறையவிடாமல் பிரித்த ரத்த நீர்) பல மடங்கு அதிகம். எலியின் சீரத்திலும் இது இருக்கிறது. சுண்டெலியின் தட்டணுக்களிலோ இது கிட்டத்தட்ட இல்லை. தட்டணுக்களை உருவாக்கும் மெகாகேரியோசைட் அணுக்கள் மனிதரிலும் எலியிலும் இந்த மரபணுவை இயக்குகின்றன, சுண்டெலியில் இயக்குவதில்லை என்று 2016ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே சுண்டெலியின் சீரத்தில் இதன் அளவு வழக்கமான கிட்டுகளின் எல்லைக்குக் கீழே கிடக்கிறது.

அப்படியிருந்தும் சுண்டெலி சீரத்தில் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான பிகோகிராம் கிடைத்ததாக எழுதப்படும் கட்டுரைகள் குறையவில்லை. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? சீரத்தில் உள்ள வேறு ஏதோ ஒன்று ஆன்டிபாடிகளில் ஒட்டிக்கொள்கிறது, நிறம் வருகிறது, கணினி அதை, செறிவு தெரிந்த ‘ஸ்டாண்டர்டு’ கரைசல்களின் வளைவில் பொருத்தி எண்ணாக மாற்றித் தருகிறது. மருந்து கொடுத்த குழுவுக்கும் கொடுக்காத குழுவுக்கும் இடையே வேறுபாடுகூடத் தெரியலாம். மருந்து அந்த ‘வேறு ஏதோ ஒன்றை’ மாற்றியிருந்தாலே அதற்குப் போதும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: சுண்டெலி சீரத்தில் இந்தப் புரதத்தை வழக்கமான கிட்டால் அளக்கத் திட்டமிட்டிருந்தால், அந்தப் பகுதியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ரத்த அளவுதான் உங்கள் கேள்வி என்றால் எலிக்கு மாறுங்கள். மூளைதான் கேள்வி என்றால் மூளையையே அளங்கள்.

மூளைத் தண்டுவட நீரில்?

ஒரு சுண்டெலியிலிருந்து சில மைக்ரோலிட்டர்தான் எடுக்க முடியும். கிட்டோ ஒரு வெல்லுக்கு 50 அல்லது 100 மைக்ரோலிட்டர் கேட்கும். பல விலங்குகளின் நீரை ஒன்றாகக் கலந்தால் விலங்குக்கு விலங்கு உள்ள வேறுபாடு தொலைந்துவிடும்.

மூளைத் திசுவை எப்படி எடுத்து வைப்பது?

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியில் குறிப்பிட்ட முறைப்படி மட்டுமே செய்யுங்கள். எந்த முறையாக இருந்தாலும் எல்லா விலங்குகளுக்கும் அதுவே இருக்கட்டும்: அதே மயக்க மருந்து, அதே நேர இடைவெளி, நாளின் அதே வேளை. மூளையில் இந்தப் புரதம் பகலிரவுச் சுழற்சியோடு ஏறி இறங்கும். கட்டுப்பாட்டுக் குழுவைக் காலையிலும் சோதனைக் குழுவை மாலையிலும் எடுத்தால், நீங்கள் அளப்பது கடிகாரத்தை.

குளிர்ந்த உப்புக் கரைசலை இதயம் வழியாகச் செலுத்தி ரத்தத்தை வெளியேற்றுவது நல்லது. பிறகு பனிக்கட்டியின் மேல் வைத்த தட்டில் ஹிப்போகேம்பஸ், புறணி, ஸ்ட்ரையேட்டம் எனப் பிரித்து, எடை பார்த்த குழாயில் போட்டு, உடனே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். இரண்டு பக்க ஹிப்போகேம்பஸையும் தனித்தனிக் குழாயில் வைத்தால் ஒன்று எலைசாவுக்கும் மற்றது வெஸ்டர்னுக்கோ ஆர்.என்.ஏ.வுக்கோ ஆகும். எந்தப் பக்கம் எதற்கு என்பதை எல்லா விலங்குக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த பஃபரில் கரைப்பது?

137 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 20 மில்லிமோலார் டிரிஸ் (பி.எச். 8), 1 சதவீதம் என்.பி.–40, 10 சதவீதம் கிளிசரால் என்ற கலவை நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ளது. புரதச் சிதைவுத் தடுப்பான்களை அன்றன்றைக்குச் சேருங்கள், அவற்றில் ஒன்றான பி.எம்.எஸ்.எஃப். நீர்க்கரைசலில் சீக்கிரம் வீரியம் இழக்கும். ரிப்பா பஃபரில் உள்ள எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருள் ஆன்டிபாடிப் பிணைப்பைக் கெடுக்கக்கூடும் என்பதால் எலைசாவுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். சோடியம் அசைடு கலந்த பஃபர் எதுவும் வேண்டாம், அது எச்.ஆர்.பி. நொதியை முடக்கும்.

20 மில்லிகிராம் திசுவுக்கு 200 மைக்ரோலிட்டர் என்ற கணக்கில் பனிக்கட்டியில் வைத்து அரையுங்கள். சோனிகேட்டரின் முனை மேற்பரப்புக்கு வந்தால் நுரை கிளம்பும். நுரை வந்தால் புரதம் கெடும், அளவும் பிசகும். 4 டிகிரியில் சென்ட்ரிஃபியூஜ் செய்தபின் மேலே மெல்லிய வெள்ளைக் கொழுப்புப் படலம் மிதக்கும். டிப்பை அதன் ஓரமாக இறக்கி, நடுவில் உள்ள தெளிந்த பகுதியை மட்டும் எடுங்கள். அந்தப் படலம் டிப்பில் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த மாதிரியின் இரட்டை வெல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

பிறகு சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். மொத்தப் புரதம் அளப்பதற்கான பங்கையும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். கிட்டின் நீர்க்கும் பஃபரில் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. (மாட்டு ஆல்புமின்) இருக்கும். அதில் கலந்த பிறகு பி.சி.ஏ. முறையில் மொத்தப் புரதம் பார்த்தால் மாட்டின் ஆல்புமினைத்தான் அளப்பீர்கள்.

அமிலம் சேர்த்துப் பின் சமப்படுத்தும் படி தேவையா?

சில கிட்டுகள் இதைப் பரிந்துரைக்கின்றன, சில செய்வதில்லை. நீர்த்த மாதிரியில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பி.எச்.சை 3க்குக் கீழே இறக்கி, 15 முதல் 20 நிமிடம் வைத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் மீண்டும் 7.6 அருகே கொண்டுவருவார்கள். ஏற்பிகளோடும் மற்ற புரதங்களோடும் பிணைந்து ஆன்டிபாடிக்கு எட்டாமல் இருக்கும் புரதத்தை இது விடுவிப்பதால் அளவு கூடித் தெரியும். செய்வதானால் எல்லா மாதிரிக்கும் செய்யுங்கள், ஸ்டாண்டர்டுக்கும் அதே உப்பளவு வரும்படி பாருங்கள். பி.எச். தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் பிளேட்டில் ஊற்றாதீர்கள். அமிலம் மிச்சமிருந்தால் பிணைப்பு நடக்காது.

எத்தனை மடங்கு நீர்ப்பது?

இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது, பிளேட்தான் சொல்லும். முதல் நாள் முழுப் பிளேட்டையும் ஓட்டாமல் ஒரே ஒரு மாதிரியைப் பல மடங்குகளில் நீர்த்துப் பாருங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. 2 மடங்கு நீர்த்தபோது வெல்லில் 80 பிகோகிராம்; திருப்பிப் பெருக்கினால் 160. நான்கு மடங்கில் 55, பெருக்கினால் 220. எட்டு மடங்கில் 30, அதாவது 240. பதினாறு மடங்கில் 15.2, அதாவது 243. மாதிரி ஒன்றுதான், பெருக்கிய பின் எல்லா எண்ணும் சமமாக வந்திருக்க வேண்டும். முதல் இரண்டும் குறைந்து நிற்பதால், அடர்ந்த கரைசலில் உள்ள ஏதோ ஒன்று பிணைப்பைத் தடுக்கிறது என்று பொருள். எட்டிலிருந்து எண் நிலைக்கிறது. எனவே இந்த மாதிரிக்கு எட்டு மடங்கு.

இன்னொரு வகையும் உண்டு. 2 மடங்கில் 40, நான்கில் 38, எட்டில் 37 என்று எத்தனை நீர்த்தாலும் வெல்லில் எண் இறங்காமல் நின்றால், அது பின்னணி நிறம். அதைப் பெருக்கினால் 80, 152, 296 என்று வீங்கிக்கொண்டே போகும். அந்த மாதிரியிலிருந்து எந்த எண்ணையும் எழுத வேண்டாம். சுண்டெலி சீரத்தில் இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு மேலே நான் சொன்னது கண்ணெதிரே தெரியும்.

கலந்து மீட்கும் சோதனை என்பது எது?

தெரிந்த அளவு தூய புரதத்தை மாதிரியில் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது. மாதிரியில் 60 இருக்கிறது, 100 கலந்தோம் என்றால் 160 வர வேண்டும். 118 வந்தால் கலந்த 100ல் 58தான் கிடைத்தது. மீட்பு 58 சதவீதம். வழக்கமாக 80 முதல் 120 வரை ஏற்றுக்கொள்வார்கள்.

எந்தக் கட்டத்தில் கலக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கேள்வியே மாறும். நீர்த்த மாதிரியில் கலந்தால் பிளேட்டில் நடக்கும் தடையைச் சோதிக்கிறீர்கள். திசுவை அரைக்கும்போதே கலந்தால் எடுத்தலில் போகும் இழப்பும் சேர்ந்து தெரியும். இந்தப் புரதம் காரத்தன்மை மிக்கது, பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். புரதம் ஒட்டாத வகைக் குழாய்களை வாங்குவது வீண்செலவு இல்லை.

நாக்–அவுட் (இந்த மரபணு நீக்கப்பட்ட) சுண்டெலி இல்லாமல் கிட்டை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் இருந்தால் அதற்கு இணை வேறில்லை. இரண்டு மரபணுப் பிரதியும் இல்லாத குட்டிகள் பிறந்து சில வாரங்களுக்குள் இறந்துவிடும். பிறந்த புதிதில் எடுத்த மூளையே எதிர்மறைக் கட்டுப்பாடாகப் போதும். ஒரு பிரதி மட்டும் உள்ள விலங்குகள் வளர்ந்து வாழும். அவற்றின் மூளையில் ஏறத்தாழ பாதி அளவு இருக்க வேண்டும். உங்கள் கிட் முழுமையான நாக்–அவுட்டில் சுழியத்தையும் ஒரு பிரதி உள்ளதில் பாதியையும் காட்டினால் அதைவிட நல்ல சான்று கிடைக்காது. வேறோர் ஆய்வுக்கூடத்தில் அந்த இனம் இருந்தால் உறைந்த திசு ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள்.

கிட்டின் ஆன்டிபாடி சுண்டெலியிலிருந்து வந்தது என்கிறார்கள். அதில் சிக்கல் உண்டா?

கடைசியில் சேர்க்கும் நொதி இணைத்த ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். அது ‘சுண்டெலி ஐ.ஜி.ஜி.யைப் பிடிப்பது’ என்றால் சிக்கல்தான். உங்கள் மாதிரியிலேயே சுண்டெலி ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் இயல்பாக உள்ள ஆன்டிபாடி) மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது. தேடும் புரதமோ பிகோகிராம் கணக்கில். இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு. பயோட்டின்–ஸ்ட்ரெப்டவிடின் அமைப்போ, கோழி ஆன்டிபாடியோ உள்ள கிட் இந்த வகையில் பாதுகாப்பானது. ரத்தத்தை வெளியேற்றிய மூளையில் இந்தத் தொல்லை குறையும், முழுக்கப் போகாது.

பிளேட்டில் மாதிரிகளை எப்படி அடுக்குவது?

96 வெல்லில் ஸ்டாண்டர்டு எட்டுப் புள்ளி இரட்டையாக 16 வெல். மீதி 80ல் இரட்டையாக 40 மாதிரி. கட்டுப்பாட்டுக் குழு முழுதும் இடப்பக்கம், சோதனைக் குழு முழுதும் வலப்பக்கம் என்று வைக்காதீர்கள். ஓர வெல்கள் நடு வெல்களைவிடச் சீக்கிரம் சூடாகும், ஆவியாதலும் அங்கே அதிகம். குழுக்களைக் கலைத்துப் போடுங்கள். ஊற்றுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பிளேட் தேவைப்பட்டால் ஒரே பொது மாதிரியை இரண்டிலும் வையுங்கள். பிளேட்டுக்குப் பிளேட் எவ்வளவு மாறுகிறது என்பது அதில் தெரியும்.

பின்னணி நிறம் அதிகமாக வருகிறது. என்ன காரணம்?

பத்தில் ஒன்பது முறை கழுவல். வெல் நிரம்ப பஃபர் ஊற்றி, அரை நிமிடமாவது நிற்கவிட்டு, கவிழ்த்து, உறிஞ்சு தாளில் அழுத்தித் தட்டுங்கள். தட்டிய தாளில் ஈரம் தெரியாதவரை தட்டுங்கள். ஆனால் வெல்லைக் காயவும் விடக்கூடாது, அடுத்த கரைசல் கையருகே தயாராக இருக்கட்டும்.

டி.எம்.பி.யை எட்டு முனைப் பிப்பெட்டால் நிரல் நிரலாக ஊற்றுங்கள்; நிறுத்தும் அமிலத்தையும் அதே வரிசையில், அதே இடைவெளியில் சேருங்கள். முதல் நிரலுக்கும் கடைசி நிரலுக்கும் இரண்டு நிமிட வேறுபாடு இருந்தால் அதுவே ஒரு ‘முடிவு’ போலத் தெரியும்.

ஸ்டாண்டர்டு வளைவுக்கு நேர்கோடு போதுமா?

போதாது. வளைவு எஸ் வடிவில் இருக்கும், நான்கு அளபுருப் பொருத்தம் பயன்படுத்துங்கள். மாதிரிகள் வளைவின் நடுப்பகுதியில் விழும்படி நீர்ப்பைத் தேர்ந்தெடுங்கள். மேல் எல்லையைத் தாண்டியதை நீட்டிப் பார்த்து எண் எழுத வேண்டாம், மேலும் நீர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

கீழ் எல்லைக்கும் கீழே வந்தால் சுழியம் என்று எழுதலாமா?

கூடாது. ‘எல்லைக்குக் கீழே’ என்று எழுதுங்கள், எல்லை எவ்வளவு என்பதையும் சேர்த்து. வெற்று வெல்களின் சராசரியோடு மூன்று திட்ட விலக்கத்தைக் கூட்டி, அந்த நிற அடர்த்திக்கு உரிய செறிவை வளைவில் படித்தால் அந்த எல்லை கிடைக்கும்.

இரட்டை வெல்கள் எவ்வளவு ஒத்துப்போக வேண்டும்?

62, 66 என்று வந்தால் மாறுபாட்டுக் கெழு 4.4 சதவீதம், நிம்மதியாகப் போகலாம். 40, 60 என்று வந்தால் 28 சதவீதம். சராசரி 50 என்று எழுதிவிட்டுக் கடந்து போகாதீர்கள், அந்த மாதிரியை மீண்டும் ஓட்டுங்கள். எந்த வரம்புக்கு மேல் மீண்டும் ஓட்டுவது என்பதை எண்களைப் பார்க்கும் முன்பே முடிவு செய்து குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பிடிக்காத எண்ணை மட்டும் தள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும்.

இறுதி அளவை எப்படிக் கணக்கிடுவது?

வெல்லில் 30 பிகோகிராம்/மில்லிலிட்டர், நீர்ப்பு எட்டு மடங்கு என்றால் கரைசலில் 240. அதே கரைசலின் மொத்தப் புரதம் மில்லிலிட்டருக்கு 6 மில்லிகிராம் என்றால், ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு 40 பிகோகிராம். அமிலமும் காரமும் சேர்த்ததால் கூடிய கன அளவையும் நீர்ப்பில் சேர்க்க மறக்காதீர்கள். ஈரத் திசுவின் எடைக்கும் ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு கணக்கும் வெவ்வேறு கதை சொன்னால், மாறியிருப்பது மொத்தப் புரதமாக இருக்கலாம்.

ஒரு குழுவில் ஆறு சுண்டெலி, இரட்டை வெல். புள்ளியியலில் 12 என்று எடுக்கலாமா?

ஆறுதான். வெல் விலங்காகாது. ஒரே ஈற்றுக் குட்டிகளை முழுதும் ஒரே குழுவில் போட்டிருந்தால் அந்த ஆறுகூடத் தனித்தனி என்று சொல்ல முடியாது. குட்டிகளை ஈற்றுக்கு ஈற்று இரு குழுக்களுக்கும் பகிர்ந்து போடுங்கள்.

ஸ்ட்ரையேட்டத்தில் புரதம் இருக்கிறது, எம்.ஆர்.என்.ஏ. மட்டும் மிகக் குறைவாக வருகிறது. எது தவறு?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஸ்ட்ரையேட்டத்தில் உள்ள பி.டி.என்.எஃப்.பின் பெரும்பகுதி அங்கே உருவானதில்லை. புறணியின் நரம்பணுக்கள் அதை உருவாக்கி, ஆக்சான் வழியே அங்கே அனுப்புகின்றன. எம்.ஆர்.என்.ஏ. அணுவின் உடலிலேயே தங்கிவிடும், புரதம் பயணம் போகும். புறணியிலும் ஸ்ட்ரையேட்டத்திலும் சேர்த்து அளந்தால்தான் ஒரு மருந்து உற்பத்தியை மாற்றியதா, போக்குவரத்தை மாற்றியதா என்று பேச முடியும். எலைசா மட்டும் வைத்துக்கொண்டு எந்த அணு உருவாக்கியது என்று சொல்ல வழியில்லை.

கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும்?

‘தயாரிப்பாளரின் அறிவுறுத்தல்படி அளக்கப்பட்டது’ என்ற ஒரு வரி போதாது. கிட்டின் பட்டியல் எண், தொகுதி எண், முன்னோடி வடிவத்தோடு குறுக்கு வினை, திசு எடுத்த வேளை, பஃபரின் கலவை, அமிலப்படி செய்தீர்களா, நீர்ப்பு எத்தனை மடங்கு, உங்கள் மாதிரியில் நீர்ப்பு நேர்மையும் (நீர்ப்பால் பெருக்கிய பின் எண்கள் சமமாக வருவது) மீட்பும் எவ்வளவு வந்தன, எத்தனை மாதிரி எல்லைக்குக் கீழே போயின: இவை எல்லாம் வேண்டும். இடம் போதவில்லை என்றால் நீர்ப்புச் சோதனையின் படத்தைத் துணைக்கோப்பில் சேருங்கள். மதிப்பீட்டாளராக ஒரு கட்டுரையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான்.